வினாவும் விளையாட்டும்

“விளையாட்டுப் பிள்ளை” என்று ஒருவனைக் குறித்துப் பெரியோர் சொல்வாராயின் அது புகழுரை ஆகாது. படிக்கும் நேரத்தைப் பாழாக்குபவன் என்பதே அதன் பொருள். படிப்பு ஒரு பக்கம், விளையாட்டு மறுபக்கம் எனப் பிரித்து, ஒன்றை மேசையிலும் மற்றதை முற்றத்திலும் நிறுத்திவிட்டோம். ஆயின் நம் முன்னோர் இவ்விரண்டையும் இவ்வாறு பிரித்தாரல்லர். வினாவையும் விடையையும் விளையாட்டாக்கி, வீட்டிலுள்ள முதியோரும் சிறுவரும் ஒரே பாயில் இருந்து ஆடும்படி அமைத்த வரலாறு நமக்கு உண்டு. பிற நாட்டார் தம் கல்வியைக் கடதாசிச் சீட்டுக்களில் ஏற்றி ஆடிய வரலாறும் உண்டு. இவ்விரு வரலாறுகளையும் எடுத்துக்கூறி, யாழ்ப்பாணத்தில் அவை ஏன் ஒன்று சேராமற் போயின என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சூதும் வினாவும்

விளையாட்டைப் பெரியோர் ஐயுறுவதற்குக் காரணம் இல்லாமலில்லை. திருவள்ளுவர் பொருட்பாலிலே சூது என்று ஓர் அதிகாரத்தையே வகுத்தார். அது நூலின் 94ஆம் அதிகாரம். அதற்கு முன்னுள்ள 93ஆம் அதிகாரம் கள்ளுண்ணாமை. கள்ளையும் சூதையும் அடுத்தடுத்து வைத்தமையால் அப்புலவர் கருத்து எதுவென்பது விளங்கும். காயும் கவறும் கண்ட வீட்டில் மூதேவி குடியேறுவாள் என்று நம் பாட்டிமார் சொல்வதும் இக்கருத்தின் வழிவந்ததே.

ஆனால் மகாபாரதத்தைச் சிறிது உற்று நோக்குவோமாயின், அதிலே இரண்டு போட்டிகள் எதிரெதிராக நிற்பதைக் காணலாம். ஒன்று சபா பருவத்தில் வரும் சூதாட்டம். பொருளையும் நாட்டையும் இழந்த தருமர் தம்பியரைப் பணயமாக வைக்கத் தொடங்கினார். முதலில் நகுலனை வைத்தார், பின் சகாதேவன், அருச்சுனன், வீமன் என்று ஒவ்வொருவராக இழந்தார், தம்மையும் இழந்தார், ஈற்றில் திரௌபதியையும் இழந்தார். மற்றது வன பருவத்தின் இறுதியில் வரும் பொய்கைக் கரைக் காட்சி. நீர் அருந்தச் சென்ற தம்பியர் நால்வரும் மாண்டு கிடக்கின்றனர். இயக்கன் ஒருவன் வினாக்களை அடுக்கடுக்காகத் தொடுக்கின்றான். தருமர் ஒவ்வொன்றுக்கும் விடையளிக்கின்றார். மகிழ்ந்த இயக்கன், தம்பியருள் ஒருவனை உயிர்ப்பிப்பேன், எவன் வேண்டும் என்கின்றான். குந்தியின் மக்களுள் நான் இருக்கின்றேன், மாத்திரியின் மக்களுள் ஒருவனாவது இருக்கவேண்டும் என்று கூறித் தருமர் நகுலனைக் கேட்கின்றார். அந்த நடுவுநிலைமைக்காக நால்வரும் உயிர் பெறுகின்றனர்.

சூதிலே முதலிற் பணயமாக வைக்கப்பட்ட தம்பி நகுலன். வினாவிலே முதலிற் கேட்டுப் பெறப்பட்ட தம்பியும் நகுலனே. இரண்டிலும் போட்டி உண்டு; வெற்றியும் தோல்வியும் உண்டு. ஒன்று ஆடுவோனுடைய ஆசையைத் தூண்டிக் குடும்பத்தைக் கலைத்தது. மற்றது ஆடுவோன் கற்றதையும் கேட்டதையும் வெளிக்கொணர்ந்து குடும்பத்தைச் சேர்த்தது. ஆகவே விளையாட்டு நன்றா தீதா என்று பொதுப்பட வினவுதல் பயனற்றது. காயிலும் சீட்டிலும் என்ன எழுதப்பட்டிருக்கின்றது, அதனைச் சுற்றி யார் யார் இருக்கின்றார்கள் என்று வினவுதலே தகும்.

பிசியும் நொடியும்

வினாவை விளையாட்டாக்கும் வழக்கம் தமிழிலே மிகப் பழையது. தொல்காப்பியர் பொருளதிகாரத்துச் செய்யுளியலில் பாட்டு, உரை, நூல் முதலியவற்றோடு பிசி என்பதனையும் ஓர் இலக்கிய வகையாக எண்ணினார். ஒப்புமை கூறிப் பொருளை மறைப்பது ஒரு வகை, தோன்றும் இயல்பைக் கூறிப் பொருளைத் துணியவைப்பது மற்றொரு வகை என்று அதனை இரண்டாகவும் வகுத்தார். பிசி என்பது இன்று விடுகதை எனப்படும். யாழ்ப்பாணத்திலே அதற்கு நொடி என்று பெயர்.

நொடியின் பொருள்கள் எல்லாம் வீட்டைச் சுற்றியே கிடப்பவை. பனையும் கிணறும், அகப்பையும் ஆட்டுக்கல்லும், நண்டும் நெருப்பும் அதன் கதைமாந்தர். பெயரை மறைத்துக் குணத்தை மட்டும் சொல்லும்போது, நாள்தோறும் கண்டும் காணாதிருந்த பொருளைப் பிள்ளை புதிதாக நோக்குகின்றது. அதற்குப் புத்தகமும் வேண்டாம், விளக்கும் வேண்டாம். அறிந்த ஒருவர் இருந்தால் மட்டும் போதும். அந்த ஒருவர் பெரும்பாலும் பாட்டியே.

வினவுபவர் எப்பொழுதும் மூத்தவராகத்தான் இருக்கவேண்டும் என்ற நியதியும் நம்மவரிடம் இல்லை. நாவல் மரத்திலிருந்து சுட்ட பழம் வேண்டுமா, சுடாத பழம் வேண்டுமா என்று மாட்டுக்காரச் சிறுவனாக வந்த முருகப்பெருமான் ஔவையாரைக் கேட்ட கதையை அறியாதார் யார்? பிரணவத்தின் பொருளைத் தந்தைக்கே உபதேசித்துத் தகப்பன்சுவாமி என்று பெயர் பெற்றவரும் அப்பெருமானே. பிள்ளை பெரியவரைச் சோதிப்பதும், பெரியவர் சிரித்துக்கொண்டு தோற்பதும் நம் சமயம் ஒப்புக்கொண்ட காட்சிகளே.

கணக்கும் இவ்வாறே விளையாடப்பட்டது. காரிநாயனார் செய்த கணக்கதிகாரம் என்னும் நூலிலே, பலாப்பழத்தை வெட்டாமலே அதனுள் எத்தனை சுளை உண்டு என்று சொல்ல ஒரு வழி கூறப்பட்டுள்ளது. காம்பைச் சுற்றியுள்ள சிறு முட்களை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் பிரிக்கவேண்டும் என்பது அவ்வழி. சுளைக் கணக்கு ஒவ்வொரு பழத்திலும் சரியாக அமைகின்றதோ இல்லையோ, பழம் வெட்டும்வரை வீட்டார் எல்லோரும் சுற்றியிருந்து எண்ணுவார்கள் என்பது நிச்சயம். பிள்ளைகள் பெருக்கலையும் பிரித்தலையும் அறியாமலே படித்துவிடுவார்கள்.

இவ்வகைப் பயிற்சியின் உச்சியே அவதானம். ஒரே வேளையில் பலர் இலக்கணம், கணக்கு, புராணம் என்று வினாக்களை எழுப்புவர். ஒருவர் முதுகில் கல் எறிவார். ஒருவர் மணி அடிப்பார். பக்கத்தில் சொக்கட்டான் ஆடுதலும் உண்டு. அத்தனைக்கும் தவறாது விடை கூறி, விழுந்த கல்லின் தொகையும் சொல்பவர் அவதானி. நூறு பொருளில் அவ்வாறு கவனம் செலுத்திச் சதாவதானி எனப் பெயர் பெற்றவர் நம் புலோலியிற் பிறந்த நா. கதிரைவேற்பிள்ளை அவர்கள். 1907ஆம் ஆண்டு மறைந்த அப்பேரறிஞர் சென்னை வெஸ்லி கல்லூரியிலே திரு. வி. கலியாணசுந்தரனாருக்குத் தமிழ் ஆசிரியராக இருந்தவர். இத்தகைய ஆற்றல் வானத்திலிருந்து விழுவதன்று. நொடியும் கணக்கும் பேசும் திண்ணைகள் உள்ள ஊரிலேதான் அது முளைக்கும்.

பரமபதம் போன வழி

வினாவன்றிப் பலகையிலும் நம்மவர் கல்வியை எழுதினர். வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிப்போர் ஆடும் பரமபத சோபானப் படத்தை யாவரும் அறிவர். சோபானம் என்றால் படிக்கட்டு. கட்டந்தோறும் ஒரு குணமோ ஓர் உலகமோ எழுதப்பட்டிருக்கும். நற்குணக் கட்டத்தில் ஏணி. தீக்குணக் கட்டத்தில் பாம்பு. உச்சியில் பரமபதம். வட இந்தியாவில் இதற்கு ஞான சௌபர் என்று பெயர். வைணவர் பலகையில் 72 கட்டங்களும் சமணர் பலகையில் 84 கட்டங்களும் அமைவது பெருவழக்கு. நேபாளத்தில் இதனை நாகபாசம் என்பர். 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பலகைகள் இன்றும் காட்சிச்சாலைகளில் உள்ளன.

இப்படத்தின் சிறப்பு யாதெனில், சோகி எறிவதில் சிறுவனும் கிழவரும் சமம். ஆறு வயதுப் பிள்ளை தாத்தாவை வென்றுவிடலாம். ஆனால் பாம்பு கடித்த கட்டத்தில் என்ன எழுதியிருக்கின்றது, அந்த அசுரன் யார், ஏன் வீழ்ந்தான் என்று கேட்க வேண்டுமானால் தாத்தாவிடந்தான் கேட்கவேண்டும். வெற்றி இருவருக்கும் பொது, விளக்கம் மூத்தவருடையது. கல்வியும் களிப்பும் இவ்வாறு ஒரே பாயில் இருந்தன.

இப்பலகை ஆங்கிலேயர் கைக்குச் சென்றது. 1892ஆம் ஆண்டளவில் இலண்டனில் பாம்பும் ஏணியும் என்ற பெயரோடு விற்பனைக்கு வந்தது. தொடக்கத்தில் அவர்களும் கீழ்ப்படிவு, சோம்பல் முதலிய குணப் பெயர்களை எழுதி வைத்தனர். நாளடைவில் எழுத்துக்கள் மறைந்து எண்கள் மட்டும் எஞ்சின. 1943ஆம் ஆண்டு அமெரிக்காவில் மில்ட்டன் பிராட்லி நிறுவனம் வெளியிட்டபோது பாம்பும் போய், அதனிடத்தில் சறுக்குமரம் வந்தது. இன்று யாழ்ப்பாணக் கடைகளில் நாம் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்கும் பாம்பும் ஏணியும், நம்மிடமிருந்து போய் எழுத்தை இழந்து திரும்பி வந்த பொருளே. பாம்பு இருக்கின்றது; அது ஏன் கடிக்கின்றது என்பது இல்லை. பிள்ளை தாத்தாவைக் கேட்பதற்கு அதில் ஒன்றும் இல்லை.

கடதாசி வந்த கதை

சீட்டாட்டமும் இந்தியாவில் ஒருகாலத்தில் கல்வியோடு கலந்தே இருந்தது. பாரசீகத்திலிருந்து வந்த கஞ்சிபா என்னும் வட்டச் சீட்டுக்களை 1527ஆம் ஆண்டில் பாபர் சிந்து நாட்டு ஷா ஹசனுக்கு அனுப்பிவைத்தமை அவருடைய நினைவுக் குறிப்பிலேயே உள்ளது. அக்கபரின் அமைச்சர் அபுல் பசலும் தம் நூலில் அச்சீட்டுக்களை விவரிக்கின்றார். முகலாயரின் இவ்வாட்டத்தை இந்துக்கள் எடுத்துத் தசாவதாரக் கஞ்சிபாவாக மாற்றினர். பத்து அவதாரங்களுக்குப் பத்துக் கூட்டம், கூட்டத்துக்குப் பன்னிரண்டு சீட்டு, ஆக 120 சீட்டுக்கள். ஐந்து கூட்டங்களில் பத்து என்னும் எண் பெரியது. மற்றை ஐந்தில் ஒன்று என்னும் எண் பெரியது. பகலில் இராமர் சீட்டு ஆட்டத்தைத் தொடங்கும். இரவில் கிருஷ்ணர் சீட்டு தொடங்கும். அவதார வரிசை அறியாதவன் இவ்வாட்டத்தில் இருக்கவே முடியாது. மைசூரை ஆண்ட மூன்றாம் கிருஷ்ணராச உடையார் (1794–1868) இன்னும் மேலே சென்று பல புதிய சீட்டாட்டங்களை வகுத்தார். அவர் காலத்து ஸ்ரீதத்துவநிதி என்னும் பெருநூலின் ஒன்பது பகுதிகளில் கடைசியான கௌதுக நிதி விளையாட்டுக்களைப் பற்றியதே.

யாழ்ப்பாணத்துக்கு வந்த சீட்டு அச்சீட்டன்று. போர்த்துக்கேயர் 1619ஆம் ஆண்டில் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றினர்; 1658இல் ஒல்லாந்தர் வந்தனர்; 1795இல் ஆங்கிலேயர் வந்தனர். நாம் சீட்டுக்கு வழங்கும் கடதாசி என்ற சொல் போர்த்துக்கேயர் வழி வந்தது. துரும்பு என்பதும் ஐரோப்பியச் சொல்லின் திரிபே. ஆட்டமும் அவர்கள் வழி வந்ததென்பதற்கு நம் முந்நூற்றுநாலு என்னும் ஆட்டத்திலேயே சான்று உண்டு. அதில் ராசாவும் ஆசும் பெரியவையல்ல. எல்லாவற்றுக்கும் மேலானது ஜாக். அதற்கு அடுத்தது ஒன்பது. ஒல்லாந்திலும் சுவிற்சலாந்திலும் ஆடப்படும் யாஸ் வகை ஆட்டங்களில் துரும்புக்கு இதே வரிசை உண்டு. ஒல்லாந்தர் கோட்டைகளில் ஆடிய ஆட்டமொன்றின் வழித்தோன்றலே நம் ஆட்டம் என்று கருத இடமுண்டு.

இவ்வாட்டம் எளிதன்று. 32 சீட்டுக்கள். ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2. எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. ஒரு கூட்டத்துக்கு 76, நான்கு கூட்டத்துக்கு 304. முதல் நான்கு சீட்டைப் பார்த்தவுடனே எத்தனை எடுப்போம் என்று துணிந்து கூறவேண்டும். துரும்பைக் கவிழ்த்து வைக்கவேண்டும். போன சீட்டு எது, நின்ற சீட்டு எது என்று மனத்திலே கணக்கு வைத்திருக்கவேண்டும். கலியாண வீட்டிலும் செத்த வீட்டிலும் இரவிரவாக இதனை ஆடும் நம் ஊர்ப் பெரியவர்கள் கூட்டற் கணக்கில் எவருக்கும் பின்நில்லார். ஞாபகத்துக்கும் கணக்குக்கும் இதனைவிடச் சிறந்த பயிற்சி அரிது. ஆயினும் இரண்டு குறைகள் உள. ஆடுவோர் பெரும்பாலும் ஆண்களே; பெண்களும் சிறுவரும் பார்த்திருப்பார்கள், அல்லது தேநீர் கொண்டுவருவார்கள். மற்றது, நானூறு ஆண்டாக நம்மிடையே வழங்கியும் அச்சீட்டில் நாம் ஒரு தமிழ் எழுத்தையும் எழுதினோமில்லை.

பிறர் எழுதிய சீட்டுக்கள்

பிற நாட்டார் என்ன செய்தனர் என்று பார்ப்போம். 1644ஆம் ஆண்டு பிரான்சிலே மந்திரி மசரின், ஆறு வயதுச் சிறுவனாகிய பதினான்காம் லூயி அரசனுக்குக் கற்பிப்பதற்காக நான்கு கட்டுச் சீட்டுக்களைச் செய்வித்தார். பிரான்சிய அரசர், புகழ்பெற்ற அரசியர், உலக நாடுகள், பழங்கதைகள் என்பன அவற்றின் பொருள்கள்.

அமெரிக்க நாட்டு மசச்சூசெற்ஸ் மாநிலத்துக் கதை நமக்கு இன்னும் அண்மையானது. நம் நாட்டுக்கு வந்த அமெரிக்க மிசனரிமார் 1815இல் அம்மாநிலத்துத் துறைமுகத்திலிருந்து கப்பலேறி 1816இல் யாழ்ப்பாணம் சேர்ந்தவர்கள். யாழ்ப்பாணம் மிசனுக்கு ஏற்ற இடம் என்று முதலில் எழுதிய சாமுவேல் நியூவெல் குருப்பட்டம் பெற்றது அம்மாநிலத்துச் சேலம் நகரிலே, 1812இல். அந்த ஊர்ச் சமயப் பற்றாளர் சீட்டைத் தொடுவதும் பாவம் எனக் கருதியவர்கள்; நம் பாட்டிமாருக்கு இளைத்தவரல்லர். அதே சேலம் நகரில் 1861ஆம் ஆண்டு ஆசிரியர்கள் என்னும் சீட்டுக்கட்டு வெளிவந்தது. ராசாவும் ராணியும் அதில் இல்லை. நூலாசிரியர் பெயரும் அவர் எழுதிய நூல்களின் பெயருமே உண்டு. ஒருவர் மற்றவரிடம் கேட்டுக் கேட்டு ஓர் ஆசிரியருடைய நூல்களை ஒன்றுசேர்க்கவேண்டும். சீட்டை வெறுத்த வீடுகளில் இச்சீட்டு நுழைந்தது. தாயும் தந்தையும் பிள்ளைகளும் கூடி ஆடினர்.

யப்பானியர் செய்ததே எல்லாவற்றிலும் மேலானது. அவர்களுக்கும் சீட்டைக் கொடுத்தவர் போர்த்துக்கேயரே, 16ஆம் நூற்றாண்டிலே. கார்த்தா என்ற போர்த்துக்கேயச் சொல் அங்கே கருத்தா ஆயிற்று. யப்பானியர் அதற்கு முன்னரே சிப்பி ஓடுகளின் உட்புறத்தில் ஓவியம் தீட்டிச் சோடி சேர்க்கும் ஆட்டம் ஒன்றை உடையவர்கள். பழைய சிப்பி ஆட்டத்தையும் புதிய சீட்டையும் சேர்த்து, 13ஆம் நூற்றாண்டில் புஜிவாரா தெய்க்கா தொகுத்த நூறு புலவர்களின் நூறு பாட்டுக்களைச் சீட்டில் எழுதினர். ஒருவர் பாட்டைப் படிக்கத் தொடங்குவார்; மற்றவர்கள் அதன் பிற்பாதி எழுதிய சீட்டைப் பாயில் தேடி எடுக்கவேண்டும். பாட்டு மனப்பாடமாக இருப்பவன் முதற்சொல் கேட்டவுடனே கையை வைப்பான். இன்றும் புத்தாண்டு நாளில் யப்பானியக் குடும்பங்கள் இதனை ஆடுகின்றன. அதே போர்த்துக்கேயர், அதே சீட்டு. அவர்கள் தம் புலவரை அதில் ஏற்றினர். நாமோ 1330 குறளை உடையோமாக இருந்தும், வந்த சீட்டை வந்தபடியே ஆடினோம்.

அண்மைக் காலத்தில் உலகெங்கும் பரந்த பொது அறிவு ஆட்டம் ஒன்று கனடாவிலே பிறந்தது. 1979ஆம் ஆண்டு மொன்றியல் நகரில் பத்திரிகையாளராகிய கிறிஸ் ஹேனி, ஸ்கொற் அபற் என்னும் இருவர் அமைத்த றிவியல் பெர்சூற் என்பதே அது. புவியியல், வரலாறு, கலையும் இலக்கியமும், அறிவியல், விளையாட்டு, பொழுதுபோக்கு என ஆறு பிரிவுகளில் வினாச் சீட்டுக்கள். இன்று அந்நாட்டிலே ரொறன்ரோவிலும் மொன்றியலிலும் நம்மவர் பெருந்தொகையினராக வாழ்கின்றனர். அங்கு ஒரு வீட்டில் அப்பெட்டியைத் திறந்தால் பேரன் விடை சொல்வான். வடமராட்சியிலிருந்து போன பாட்டி பேசாமல் இருப்பார். பாட்டி அறியாதவர் என்பதன்று. அவர் அறிந்ததை எவரும் சீட்டில் எழுதவில்லை என்பதே காரணம்.

சேராத இரண்டு

நம்மிடம் வினா இல்லையா? நிறைய உண்டு. மெய்கண்ட சாத்திரம் பதினான்கில் ஒன்றாகிய உண்மை விளக்கம், மாணாக்கன் வினவக் குரு விடையளிக்கும் முறையிலேயே அமைந்தது. ஆங்கிலேயர் காலத்தில் மிசனரிமார் தம் சமயத்தை வினாவிடையாக அச்சிட்டுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தனர். வெஸ்லியன் மிசன் பாடசாலையில் கற்றும் கற்பித்தும், பேர்சிவல் பாதிரியாருடன் பைபிள் மொழிபெயர்ப்பில் உழைத்தும் அவர்கள் முறையை நன்கறிந்தவர் ஆறுமுகநாவலர் (1822–1879). 1848ஆம் ஆண்டு வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவி, அச்சுக்கூடமும் கண்டு, பாலபாடங்களையும் சைவ வினாவிடை இரண்டு புத்தகங்களையும் வெளியிட்டார். மிசன் பள்ளியில் படித்த இக்காலத்துச் சைவப் பிள்ளைகளும் வீட்டில் நாவலர் வினாவிடையைச் சொல்லியே வளர்ந்தோம். ஒரு கருவியை அந்நியருடையது என்று எறிந்துவிடாமல், அதில் நம் பொருளை ஏற்றிக் கொள்வது எப்படி என்பதை நாவலர் செய்து காட்டினார்.

ஆனால் வினாவிடை பாடமாயிற்று, பின் பரீட்சையாயிற்று, இன்று வினாடி வினாப் போட்டியாகி மேடை ஏறிவிட்டது. மேடையிலே நான்கு மாணவர் இருப்பர். சபை வாய்மூடி இருக்கும். மூத்தோர் நடுவராக இருப்பர். வென்றவன் கிண்ணம் பெறுவான். தோற்றவன் அந்த விடையை யாரிடமும் கேட்டறியமாட்டான். இது குறையாகச் சொன்னதன்று. மேடைக்கு அதன் பயன் உண்டு. ஆனால் பாய் வேறு, மேடை வேறு. வினா புத்தகத்திலும் மேடையிலும் நின்றது. சீட்டு திண்ணையில் நின்றது. இவ்விரண்டும் யாழ்ப்பாணத்திலே ஒரு பாயில் சந்திக்கவில்லை. இதுவே நம் வரலாற்றில் நேர்ந்த இழப்பு.

இழப்பு என்று ஏன் சொல்லுகின்றோம்? 1981ஆம் ஆண்டு மே மாத இறுதியில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. 1995இல் குடாநாட்டு மக்கள் இடம்பெயர்ந்தபோது வீடுகளிலிருந்த ஏடுகளும் கொப்பிகளும் எத்தனையோ அழிந்தன. 1990ஆம் ஆண்டின் பின் மின்சாரமின்றி ஜாம் போத்தல் விளக்கில் படித்த தலைமுறை இன்று நடுவயதைத் தாண்டுகின்றது. எரிந்ததிலும் தொலைந்ததிலும் எஞ்சியது பெரியவர்களின் நினைவில் உள்ளது. துலா மிதித்தவர், பட்டை பிடித்து இறைத்தவர், பனையின் பாளை முதல் ஊமல் வரை ஒவ்வோர் உறுப்புக்கும் பயன் சொல்லக்கூடியவர், ஊரின் ஒழுங்கைகளுக்கும் குளங்களுக்கும் பெயர்க்காரணம் கூறக்கூடியவர் ஆண்டுதோறும் குறைகின்றனர். அவர்களிடம் கேட்பதற்குப் பரீட்சைத் தாளில் வினா இல்லை. பேரப்பிள்ளையின் கையிலோ கைத்தொலைபேசி இருக்கின்றது.

நாம் செய்யத் தக்கது

கேட்டு விடை சொல்லுதல் ஞாபகத்தை வளர்க்கும் என்பது வெறும் நம்பிக்கையன்று. 2006ஆம் ஆண்டில் அமெரிக்க உளவியலார் ரோடிகர், கார்ப்பிக்கி என்னும் இருவர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்த மாணவரைவிட, வாசித்ததை நினைவிலிருந்து மீட்டுச் சொன்ன மாணவர் ஒரு வாரத்தின் பின் மிகுதியாக ஞாபகம் வைத்திருந்தனர். நொடி போட்ட பாட்டி இதனை ஆய்வின்றியே அறிந்திருந்தார்.

ஆகவே சங்கத்து இளைஞர்களே! நம் பெரியவர்கள் நன்கறிந்த முந்நூற்றுநாலு ஆட்டத்தையே எடுத்துக்கொள்வோம். 32 தடித்த அட்டைகளை வெட்டுங்கள். நான்கு கூட்டத்துக்குச் சமயம், தமிழ், ஊர், தொழில் என்று பெயரிடுங்கள். ஜாக்கு முதல் ஏழு வரை உள்ள வரிசையும் புள்ளியும் பழையபடியே இருக்கட்டும்; பெரியவர்கள் புதிதாக ஒன்றும் பழக வேண்டியதில்லை. ஒவ்வோர் அட்டையிலும் ஒரு வினா எழுதுங்கள். ஏழிலும் எட்டிலும் சிறுவருக்கு ஏற்ற எளிய வினா: நாயன்மார் எத்தனை பேர்? ஈழத்திலே தேவாரப் பாடல் பெற்ற தலங்கள் இரண்டும் எவை? ஒன்பதிலும் ஜாக்கிலும் வீட்டில் மூத்தவர் மட்டுமே விடை அறிந்த வினா: நம் வளவுக் கிணறு எந்த ஆண்டில், யாரால் வெட்டப்பட்டது? பனங்கிழங்கைப் புழுக்கொடியலாக்கும் முறை என்ன? அந்த விடையை அட்டையில் எழுதவேண்டாம்.

வட்டத்தை வென்றவர், தாம் எடுத்த சீட்டுக்களில் ஒன்றன் வினாவுக்கு விடை சொன்ன பின்பே புள்ளியைச் சேர்க்கலாம். தெரியாதாயின் பாயிலிருக்கும் மிக மூத்தவரைக் கேட்கலாம். அதற்குப் புள்ளி குறையாது. ஆனால் அடுத்த வட்டம் முடிந்ததும் அவ்விடையைத் தாமே திருப்பிச் சொல்லவேண்டும். இவ்வொரு விதியால் மூத்தவர் இல்லாமல் ஆட்டமே நடவாது. சோடி சேர்க்கும்போது ஒரு பெரியவருக்கு ஒரு சிறுவர், ஓர் ஆணுக்கு ஒரு பெண் என்று சேர்த்துக்கொள்க. பணம் வைத்து ஆடுதல் கூடாது. வள்ளுவர் வாக்கை மறவாதீர்கள்.

பெரியோர்களே! சீட்டைக் கண்டால் சினப்பது உங்கள் உரிமை. ஆயினும் இந்தச் சீட்டின் பாதி விடைகள் உங்களிடமே உள்ளன. பிள்ளைகள் பாய் விரித்து அழைக்கும்போது வந்து இருங்கள். ஒரு வினாவுக்கு விடை சொல்லும்போது மூன்று கதைகளையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஆட்டம் சற்றே தாமதித்தாலும் குற்றமில்லை. வெளிநாட்டிலுள்ள பேரப்பிள்ளைக்கு இதே அட்டைகளைப் படியெடுத்து அனுப்புங்கள். விடை வேண்டுமானால் அவன் உங்களுக்குத் தொலைபேசியெடுத்துத்தான் ஆகவேண்டும்.

தொடங்குவதற்கு நல்லதோர் இரவும் நமக்கு உண்டு. சிவராத்திரியன்று நான்கு யாமமும் விழித்திருக்கப் பிள்ளைகள் படும்பாட்டை யாவரும் அறிவோம். கோயிற் பூசைகளுக்கு இடையில் உள்ள நேரத்தில், வீட்டு விறாந்தையில் இந்த 32 அட்டைகளையும் பரப்புங்கள். இலிங்கோற்பவ காலத்துக்கு மணி கேட்கும்போது, பாயில் இருந்தவர் எல்லோரும் ஒருவருக்கொருவர் தெரியாத ஒன்றையாவது சொல்லியிருப்பார்கள். அதன்பின் எழுந்து சென்று இறைவனை வணங்குவோம். திருவருள் துணைசெய்வதாக.